சபராளியின் மணிக்கட்டில் இருந்த அமானிதம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றின் அலமாரியில், காலாவதியான கடவுச்சீட்டுகளுக்கும் பழைய நிக்காஹ் புகைப்படங்களுக்கும் அருகே ஒரு கைக்கடிகாரம் கிடக்கக் காணலாம். வாப்பாவோ பாட்டனாரோ வெளிநாட்டிலிருந்து கட்டிவந்தது. டயலுக்குள் இரண்டு மூன்று சிறு வட்டங்கள். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். மேல் பொத்தானை அழுத்தினால் நீண்ட வினாடிமுள் ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் 12க்குத் தாவித் திரும்பும். இதற்குக் குரோனோகிராஃப் என்று பெயர். குரோனோமீட்டர் என்பது வேறு; மிகத் துல்லியமாக ஓடுவதென்று சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கடிகாரத்தை அச்சொல் குறிக்கும். குரோனோகிராஃப் இப்போது மணி என்ன என்று காட்டுவதோடு, ஒரு செயலுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் அளந்து சொல்லும்.

இன்று இதே கருவியைப் பழம்பொருள் சேகரிப்போர் தேடி அலைகின்றனர். சிலவற்றின் விலை இலட்சங்களைத் தொட்டுவிட்டது. ஆகவே அலமாரியில் கிடப்பது வெறும் நினைவுப்பொருள் அன்று. அது ஒரு சொத்தும் ஆகும். அது எவ்வாறு நம் கைக்கு வந்தது, அதனை எவ்வாறு அணிவது, யாருக்கு அது உரியது என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

வினாடியை எழுதிய கருவி

காலத்தை நுட்பமாகப் பகுத்தறியும் முயற்சியில் முஸ்லிம் அறிஞர்களுக்கு நீண்ட பங்குண்டு. கி.பி. 1206இல் அல்ஜஸரீ தம் பொறியியல் நூலில் யானைக் கடிகாரம் உள்ளிட்ட நீர்க்கடிகாரங்களை வரைபடங்களோடு விளக்கினார். டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றிய இப்னு ஷாத்திர், 1371இல் அங்கே ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். 16ஆம் நூற்றாண்டில் தகியுத்தீன் இயந்திரக் கடிகாரங்களைக் குறித்துத் தனி நூலே எழுதினார். 1577இல் இஸ்தான்புல்லில் எழுந்த வானாய்வுக் கூடத்தில், விண்மீன்களின் நகர்வைக் கணிக்க வினாடியும் காட்டும் கடிகாரத்தை அவர் பயன்படுத்தினார். அக்கூடம் 1580இல் இடிக்கப்பட்டது. ஆனால், வினாடியை அளந்தால்தான் வானத்தை அளக்க முடியும் என்னும் அறிவு இடிபடவில்லை.

குரோனோகிராஃபின் நேர் வரலாறு ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1816இல் லூயி முவானே என்னும் பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர், விண்மீன் நோக்குவதற்கென ஒரு நேர அளவியைச் செய்து முடித்தார். 1821இல் நிக்கோலா ரியூசெக் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் தம் கருவியைச் சோதித்தார். ஒவ்வொரு குதிரையும் இலக்கைக் கடக்கும்போது அக்கருவி டயலின்மேல் ஒரு மைத்துளியை இட்டது. கிரேக்க மொழியில் குரோனோஸ் என்றால் காலம். கிராஃப் என்றால் எழுதுதல். மைத்துளியால் காலத்தை எழுதியதனால் வந்த பெயர், மை போன பின்னும் நிலைத்துவிட்டது. 1844இல் அடோல்ஃப் நிக்கோல், ஓடிய முள்ளை ஒரே அழுத்தில் தொடக்கத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் அலமாரிக் கடிகாரத்தின் முள் 12க்குத் தாவுவது இன்றும் அந்தத் தகட்டினால்தான்.

சட்டைப்பையில் இருந்த இக்கருவி மணிக்கட்டுக்கு ஏறியது 20ஆம் நூற்றாண்டில். 1913இல் லாஞ்சின் நிறுவனம் கைக்கடிகாரத்துக்கென்றே ஒரு குரோனோகிராஃப் இயந்திரத்தை உருவாக்கியது. 1934இல் பிரைட்லிங் இரண்டாவது பொத்தானைச் சேர்த்தது. மருத்துவருக்கு நாடித்துடிப்பை எண்ணும் அளவுகோல், ஓட்டுநருக்கு வேகம் காட்டும் அளவுகோல், படைவீரருக்குத் தொலைவு காட்டும் அளவுகோல் என டயலின் விளிம்பில் பல கோடுகள் அச்சாயின. தொலைவு அளவுகோலின் கணக்கு எளியது. பீரங்கியின் ஒளியைக் கண்டதும் பொத்தானை அழுத்தி, ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும். ஏறத்தாழ 3 வினாடிக்கு 1 கிலோமீட்டர். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்து, தன் பெயரையே தமிழில் ஒரு சொல்லாக விட்டுச் சென்றதை நாம் அறிவோம். அத்தகைய போர்க்காலமே இவ்வளவுகோலைப் பரவச் செய்தது. இன்று ஐப்பசி மாதத்து இடி எவ்வளவு தொலைவில் இடிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் அதே கோடுகள் உதவும்.

நுங்கம்பாக்கம் வகுத்த நேரம்

கடிகாரம் எங்கிருந்து வந்தாலும் அதனைச் சரிபார்க்க ஒரு நேரம் வேண்டும். தென்னிந்தியாவுக்கு அந்த நேரத்தை வகுத்துக் கொடுத்தது நம் சென்னைதான். 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் வைத்திருந்த வானாய்வுக் கூடம், 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூடமாக நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளின் கல்வெட்டோடு வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அங்கே பயன்பட்ட ஜான் ஷெல்டன் கடிகாரம், 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியபோது மலையேறிவிட்டது.

இங்கே கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக அமைந்ததனால், இந்திய இரயில்வேயும் பல்லாண்டுகள் அதனையே பொது நேரமாகக் கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் என்னும் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதனால் சென்னையின் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. சூரியன் நகரவில்லை.

தொழுகையாளிகளாகிய நமக்கு இந்த 9 நிமிடம் வெறும் எண் அன்று. சூரியன் உச்சி சாய்வது கடிகாரத்தின் 12 மணிக்கு அன்று என்பதைப் பள்ளிவாசல் கால அட்டவணையில் காண்கிறோம். சென்னையில் அது நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 11.52க்கும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.23க்கும் நிகழ்கிறது. ளுஹரின் வக்து சூரியனோடு நகர, கைக்கடிகாரம் மனிதர் வகுத்த கணக்கோடு ஓடுகிறது. முவக்கித்தின் வேலையெல்லாம் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டுவதுதான்.

நேரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியவை கடைவீதியும் மணிக்கூண்டும். 1849இல் பீட்டர் ஆர் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ், மவுண்ட் ரோட்டில் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் கடிகாரம் விற்றும் பழுது பார்த்தும் பேர் பெற்றது. மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குச் செல்லும் வழியில் ராயப்பேட்டை மணிக்கூண்டைக் காணாதவர் நம்முள் குறைவு. 1930களில் எழுந்த அதன் கடிகாரத்தைச் செய்தளித்தது கனி அண்ட் சன்ஸ் என்னும் சென்னை நிறுவனம். மணிக்கூண்டைப் பார்த்து நேரம் அறிந்த தலைமுறைக்குச் சொந்தக் கடிகாரம் என்பது பெரும் பேறு. இரண்டு பொத்தான் வைத்த கடிகாரமோ காண்பதற்கே அரியது.

சபராளிகளின் பெட்டி

அந்த அரிய பொருள் நம் இல்லங்களுக்கு வந்த வழி பெரும்பாலும் கடல்வழி. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் பயணம் போனவர்களைச் சபராளிகள் என்று அழைத்தோம். 1970களிலிருந்து அந்தப் பயணம் வளைகுடாவை நோக்கித் திரும்பியது. பின்னர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் சென்னையில் குடியேறிய குடும்பங்களோடு அந்தப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன.

இந்தியாவில் அப்போது நிலைமை வேறு. ஃபாவ்ர் லூபா நிறுவனம் 1865 முதலே இந்தியாவில் வணிகம் செய்து, மாப்பிள்ளைக்கு அணிவிக்கும் கடிகாரமாகப் புகழ் பெற்றிருந்தது. ஆனால் விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அவை உறுதியான, எளிய கடிகாரங்கள். வினாடியை நிறுத்தி அளக்கும் பொத்தான்கள் அவற்றில் இல்லை. ஆகவே குரோனோகிராஃப் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வருபவரின் மணிக்கட்டில்தான் அது வர வேண்டும். சுங்கத்துக்குத் தப்பி வந்தவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1960களின் இறுதியில் உருவான பர்மா பஜாரில் ‘ஃபாரின் சாமான்’ என்னும் சொல்லுக்கு இருந்த கவர்ச்சியை அக்காலத்தவர் அறிவர்.

அந்தத் தருணத்தில்தான் இக்கருவியின் வரலாறு உச்சத்தை அடைந்தது. 1969 ஜூலையில் மனிதர் நிலவில் இறங்கியபோது ஆல்ட்ரினின் கையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் இருந்தது. அது சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம். அதே ஆண்டில் கையசைவிலேயே தானாக முறுக்கேறும் குரோனோகிராஃபை மூன்று தரப்பினர் வெளியிட்டனர்: ஜனவரியில் ஸெனித், மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங் முதலியோரின் கூட்டணி, அதே ஆண்டு ஜப்பானின் சீக்கோ. சீக்கோவின் 6139 என்னும் அந்த இயந்திரம் விலையில் எளியதாகவும் உழைப்பில் வலியதாகவும் இருந்தது. வில்லியம் போக் என்னும் விண்வெளி வீரர் 1973இல் தம் சொந்த மஞ்சள் டயல் சீக்கோவை ஸ்கைலாப் நிலையத்துக்கு அணிந்து சென்றார். வளைகுடாச் சந்தைக்கென வந்த ஜப்பானியக் கடிகாரங்கள் சிலவற்றில் கிழமைப் பெயர் அரபியிலும் சுழன்று வரும். ஜும்ஆ என்று டயலிலேயே படித்த வெள்ளிக்கிழமைகள் நம் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

உச்சத்தின் ஆண்டே சரிவின் ஆண்டுமாயிற்று. 1969 டிசம்பர் 25இல் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மின்கலத்தால் ஓடும் அது, நூறு சிறு உறுப்புகள் கொண்ட இயந்திரத்தைத் துல்லியத்தில் எளிதாக வென்றது. தமிழ்நாட்டிலேயே 1984இல் டாடாவும் டிட்கோவும் இணைந்து டைட்டனைத் தொடங்க, ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் உருவாயின. பழைய கடிகாரங்கள் கையிலிருந்து அலமாரிக்கு இறங்கின. பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட்டும் 1985இல் தீக்கிரையாயிற்று. கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே அமர்ந்திருந்த கைவினைஞர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

அணிவதும் பேணுவதும்

அலமாரியில் கிடந்தால் கடிகாரம் காக்கப்படும் என்பது தவறான எண்ணம். இயந்திரத்துக்குள் இட்ட எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து பிசுக்காகிறது. அந்நிலையில் சாவி கொடுத்து ஓட்டினால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். எனவே நெடுநாள் கிடந்த கடிகாரத்தை முதலில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு வாங்குவதே முறை. அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: குரோனோகிராஃபை முன்னர்ப் பிரித்துப் பூட்டியிருக்கிறாரா? மாற்றிய உறுப்புகளைத் திருப்பித் தருவாரா? சாதாரணக் கடிகாரத்தில் தேர்ந்தவர் எல்லாரும் இதில் தேர்ந்தவர் அல்லர்.

சென்னையில் இதற்குப் பகை நீர். கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் ஒரு புறம். நாள்தோறும் ஐவேளை ஒளு மறுபுறம். முழங்கை வரை நீர் சேர வேண்டும் என்பதால் இறுக்கமாகக் கட்டிய கடிகாரத்தைக் கழற்றவோ நகர்த்தவோ வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். பழைய குரோனோகிராஃபுக்கு அச்சட்டமே காவலாகவும் அமைகிறது. அதன் பொத்தான் துளைகளின் வழியே நீர் எளிதில் புகும். ஆகவே கழற்றிவிடுவதே நல்லது. ஈரக்கையால் பொத்தானை அழுத்தவே கூடாது. ஹவுளின் திண்ணையில் வைத்து மறந்துவிடாமல் சட்டைப்பையில் இடுவதும் நல்லது.

இருளில் ஒளிரும் எழுத்துகள் கொண்ட மிகப் பழைய டயல்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கும். 1960களில் அதன் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ டயலைச் சுரண்டவோ கூடாது. பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதும் கூடாது.

தங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1934இல் மதராஸ் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய தியாகராய நகர் உஸ்மான் சாலை, இன்று தங்க நகைக் கடைகளால் அறியப்படுகிறது. ஆண்களுக்குத் தங்கம் அணிவது தடுக்கப்பட்டது. பழைய குரோனோகிராஃப் சிலவற்றின் உறை முழுத் தங்கத்தால் ஆனது. வேறு சிலவற்றில் மேற்பூச்சு மட்டுமே. எது எதுவென்று உறையின் உட்புற முத்திரையைக் கொண்டு பழுது பார்ப்பவர் சொல்லிவிடுவார். பூச்சு பற்றிய சட்டத்தைத் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். வாப்பா கட்டினார் என்பது மட்டுமே அனுமதிக்கு ஆதாரமாகாது.

விற்பதும் பங்கிடுவதும்

விலை ஏறிய பொருளைச் சுற்றி ஏமாற்று வருவது இயல்பு. பழைய டயலை அழித்து, புதிதாக வண்ணம் பூசி, பெயரையும் மாற்றி எழுதி விற்கும் கடிகாரங்களைச் சேகரிப்போர் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று அழைக்கின்றனர். சிலவற்றில் சிறு வட்டங்கள் வெறும் ஓவியம். அவற்றின் முள் ஒருபோதும் நகராது. வாங்குவோர் மூன்று முறையாவது ஓட்டி, நிறுத்தி, திருப்பிப் பார்க்க வேண்டும். முள் ஒவ்வொரு முறையும் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும். எழுத்துகளின் விளிம்பை உருப்பெருக்கியால் நோக்கினால் தொழிற்சாலை அச்சுக்கும் கைப்பூச்சுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

விற்போருக்கோ இதனைவிடப் பெரிய கடமை உண்டு. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். மறுவண்ணம் பூசிய டயலும், வேறு கடிகாரத்திலிருந்து எடுத்துப் பொருத்திய உறுப்பும் நம் காலத்தின் ஈரத் தானியமே. ‘டயல் மாற்றப்பட்டது’ என்று சொல்லி விற்பதனால் விலை குறையும், வருமானம் ஹலாலாகும்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது பங்கீட்டில். ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற சிறியதும் பெரியதும், அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக, வாரிசுகள் அனைவருக்கும் உரியவை. வீட்டையும் நிலத்தையும் முறையாகப் பங்கிடும் குடும்பங்களிலும் கடிகாரம் கணக்கில் வருவதில்லை. மூத்த மகன் நினைவுக்காக எடுத்துக் கட்டிக்கொள்கிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அது நூறு ரூபாய்ப் பொருளாக இருந்த காலத்தில் மற்றவர்களின் மௌனம் மனமுவந்த சம்மதமாக இருந்திருக்கலாம். இலட்ச ரூபாய்ப் பொருளுக்கு அதே மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. ஆண்கள் அணியும் பொருள்தானே என்று சகோதரிகளிடம் கேட்காமல் விடுவதும் சரியன்று. அப்பொருளின் மதிப்பில் அவர்களுக்கும் பங்குண்டு.

தீர்வு கடினமன்று. விவரம் அறிந்த இருவரிடம் மதிப்பைக் கேட்டு, விரும்புகிறவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுக்கலாம். அல்லது எல்லாரும் அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். உயிரோடிருக்கும் வாப்பாவே அன்பளிப்பாகக் கையில் ஒப்படைத்துவிட்டால் அது முடிந்த ஹிபா. ஆயினும் பிள்ளைகளுக்கிடையே நீதியைப் பேணுவது அவர்மீது உள்ளது. ‘இது எனக்குப் பின் இன்ன மகனுக்கு’ என்னும் வாய்ச்சொல் மட்டும் போதாது. வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத் மற்ற வாரிசுகளின் ஒப்புதலின்றி நிறைவேறாது.

இவ்வாரம் அலமாரியைத் திறந்து அக்கடிகாரத்தை எடுத்துப் பார்ப்போம். எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தச் சம்பளத்தில் வாங்கியது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்போம். அதில் யார் யாருக்குப் பங்கு என்பதையும் அதே தாளில் எழுதுவோம். பழைய குரோனோகிராஃப்களில் பலவும் வினாடிக்கு ஐந்து முறை துடிக்கும்; மணிக்கு 18,000 துடிப்பு. கடல் கடந்து உழைத்தவரின் மணிக்கட்டில் அத்தனை துடிப்பும் கணக்காயின. அவர் விட்டுச்சென்றதிலும் கணக்குத் தவறாமல் இருப்பது நம் பொறுப்பு. நம் நேரங்களிலும் பொருள்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.